காளிமுத்து வாசலில் கை தூக்குவார்

வெடிமருந்துத் தொழிற்சாலையிலிருந்து ஓய்வு பெற்று வருஷங்கள் ஆகியும், எந்த வாசலைக் கண்டாலும் காளிமுத்துவின் கைகள் தானாகத் தலைக்கு மேல் போய்விடும். வேலை பார்த்த காலமெல்லாம், தீப்பெட்டி இருக்கிறதா என்று கேட்டில் தடவிப் பார்த்த பிறகுதான் உள்ளே விடுவார்கள். அது எலும்பில் ஊறிவிட்டது. ரேஷன் கடையோ பல் டாக்டரோ, ஒரு நொடி நின்று கை தூக்குவார். யாரும் தடவாவிட்டால் மனசு கேட்காமல் தானே இடுப்பைத் தட்டிப் பார்த்துக்கொண்டு நுழைவார்.

"வெளிய இருக்கற சட்டம் மனுசனுக்குள்ள போயி குடியேறிக்கிறதுங்க. அகவயமாதல்னு பேரு" என்று சமூகவியல் படித்த மகள் ரேணுகா, கட்டிக்கொள்ளப்போகும் விஜயனிடம் விளக்கினாள்.

கோவையில் பம்ப் கம்பெனியில் மேலாளராக இருக்கும் விஜயன் பெருமூச்சு விட்டான். "கம்பெனி விதிய உள்வாங்கிக்கச் சொல்லி நாங்க வருசா வருசம் டிரெய்னிங் வெக்கறோம். ஹெல்மெட்கூட எவனும் போடறதில்ல. மாமாவ ஒரு நாளைக்கு அனுப்பி வையி."

கல்யாணத்தன்று குன்னூர் மண்டபத்துக்கு, மஞ்சூரிலிருந்து பஸ்ஸில் வந்த மாப்பிள்ளை வீட்டாரை காளிமுத்து அழைத்துப் போனார். வாசலில் கைகள் எழும்பின. பின்னால் வந்த மாப்பிள்ளையின் சித்தப்பா ராஜசேகர், "இவங்க மொறை போலிருக்குது" என்று தானும் தூக்கினார். அவருக்குப் பின்னால் மொத்த பஸ்ஸும் தூக்கியது. மண்டபத்து வாட்ச்மேன் பிராங்ளினை இத்தனை பேர் மதித்து நின்றதே இல்லை. தொப்பியைச் சரிசெய்துகொண்டு ஆண்களை ஒவ்வொருவராகத் தடவத் தொடங்கினார்.

ராஜசேகர் இடுப்பில் பிராந்திப் பாட்டில் அகப்பட்டது. எந்த விசேஷமானாலும் குடிப்பது அவர், அவஸ்தை சொந்தக்காரர்களுக்கு.

"ஏனுங்க, இது என்னங்க?" என்றார் பிராங்ளின்.

"இருமல் மருந்துங்க."

"இங்கயே இருக்கட்டுங்க. இருமுனா தர்றேன்."

தாலி கட்டும் வரை ராஜசேகர் விடாமல் இருமினார். பிராங்ளின் மசியவில்லை.

"பொருளாதாரத்துலயும் இதுக்கு நீ சொன்ன அதே அகவயமாதல்தான் பேரு. ஊரு தலையில கட்டுன நட்டத்தக் கட்டுனவனே சுமக்கறது" என்று விஜயன் மேடையில் கிசுகிசுத்தான். ரேணுகா சிரிப்பை அடக்கத் தலை குனிந்தாள். என்ன அடக்கம் என்று எல்லோரும் மெச்சினார்கள்.

பந்தி முடிந்ததும் மாப்பிள்ளையின் அம்மா தெய்வம்மா வந்தார். "சம்பந்தி, எங்க ஊட்டு விசேசத்துல சண்டையில்லாம சோறு தின்னது இதுதானுங்க மொதத் தடவ. தையில சின்னவனுக்கு நிச்சயம். நீங்கதான் முன்னால வரோணும்."

தான் என்ன செய்தோம் என்று காளிமுத்துவுக்கு விளங்கவில்லை.

"வர்றனுங்க. ஆனா அங்க ஒழுங்காத் தடவச் சொல்லுங்க. இந்த வாட்ச்மேன் என்ற சாக்ஸப் பாக்காமலே உட்டுட்டாரு."