சந்திரமதி சொல்லாமல் வைத்திருந்தது

தம்போயில் நாங்கள் சாமான் வாங்கும் பேரங்காடியில் சந்திரமதிக்குப் 'பைத்தியம்' என்று ஒரு பெயர் உண்டு. அங்கே கல்லாவில் வேலை பார்ப்பவள் அவள். ஓய்வு நேரத்தில் சாப்பிடப் போகாமல் கார் நிறுத்தும் இடத்தில் போய் நிற்பாள். ஒரு கையால் டிராலியைத் தள்ளிக்கொண்டு பிள்ளையைத் தனியாக நடக்க விட்டு வரும் அம்மாக்களைக் கண்டால், பின்னாலேயே போவாள்.

"முதல்ல பிள்ளைய உள்ள ஏத்துங்க. பெல்ட்டு போடுங்க. சாமான அப்புறம் ஏத்தலாம், அது எங்கயும் ஓடிடாது."

சிலர் சிரித்துக்கொண்டே கேட்பார்கள். ஒரு பெண் மட்டும், "என் பிள்ளையப் பார்த்துக்க எனக்குத் தெரியும்லா, நீங்க உங்க வேலையப் பாருங்க" என்று முகத்தில் அடித்தாற்போல் சொல்லிவிட்டாள். நான் பக்கத்தில்தான் இருந்தேன். எனக்கு வாய் சும்மா இருக்காது. அவளை நாலு வார்த்தை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டிருப்பேன். சந்திரமதி என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

நான் பஸீலா. அவள் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் ஒரே சுவர். அந்தப் பக்கம் மிளகாய் தாளித்தால் இந்தப் பக்கம் நான் தும்முவேன். அவள் கதையை அவளுக்கு அடுத்தபடி அறிந்தவள் நான்தான்.

சந்திரமதியின் அப்பா தங்கராஜு ரப்பர்த் தோட்டத்தில் வேலை செய்தவர். தோட்டத்தை வீடமைப்புக்கு விற்றபோது குடும்பம் தம்போய்க்கு வந்தது. அவள் பள்ளியில் ஐந்தாம் பாரம் முடித்ததும் தொழிற்சாலைக்குப் போனாள். அந்தத் தொழிற்சாலை பஸ்ஸை ஓட்டியவர்தான் வசந்தன். இரண்டு பேருக்கும் பிடித்துப்போனது. மூவாரில் மரச்சாமான் கடை வைத்திருக்கும் அவளுடைய அண்ணன் சுகுமாறனுக்குப் பிடிக்கவில்லை. டிரைவர் மாப்பிள்ளை அவர் கௌரவத்துக்குக் குறைவாம். கல்யாணத்துக்கு வந்தவர் சாப்பிடாமல் போனார். பெரிய மனுஷன்தான், என்ன செய்வது!

பல வருஷம் பிள்ளை இல்லை. மாத்திரை, ஊசி, விரதம் எல்லாம் பார்த்து ஓய்ந்த பிறகு ரூபேந்திரன் பிறந்தான். ரூபன் என்று கூப்பிடுவோம். ஓரிடத்தில் நிற்காத பிள்ளை. என் வீட்டுக்குள் வந்தால் மேசைக்கு அடியில் நுழைந்து மறுபக்கம் வெளியே வருவான். நேராக வரத் தெரியாது.

அதனால்தான் சந்திரமதி பயந்தாள். பாலர் பள்ளி ஆசிரியை அவளுக்கு ஒரு வழி சொல்லிக்கொடுத்தார். காரை விட்டு இறங்கியதும் பிள்ளை காரைத் தொட்டுக்கொண்டே நிற்க வேண்டும். அம்மா சொல்லும்வரை கையை எடுக்கக் கூடாது. நல்ல வழிதான். இன்றைக்கும் அதை நான் குறை சொல்ல மாட்டேன். ரூபனுக்கு அது விளையாட்டாகிவிட்டது. "நான் சார்ஜ் ஏத்துறேன் பெரியம்மா, கைய எடுத்தா பேட்டரி இறங்கிடும்" என்று என்னிடமே சொல்லியிருக்கிறான்.

தீபாவளிக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை அது. துணிமணி, பலகாரச் சாமான் எல்லாம் வாங்கிக்கொண்டு மூன்று பேரும் ஒரு கடை வரிசையிலிருந்து வெளியே வந்தார்கள். இவர்கள் காருக்குப் பின்னால், வெளியே எடுக்க முடியாதபடி ஒரு பெரிய வண்டி குறுக்கே நின்றிருந்தது. நம் ஊரில் இது புதிதா? குறுக்கே நிறுத்துகிறவன் ஹேண்ட்பிரேக் போடாமல் ஃப்ரீ கியரில் விட்டுப் போவான். தேவைப்பட்டவர்கள் தள்ளிக்கொள்ளலாம். கண்ணாடியில் போன் நம்பரையும் வைத்துவிட்டால் அவன் பெரிய மரியாதைக்காரன். நாமும் திட்டிக்கொண்டே தள்ளிவிட்டு வந்துவிடுவோம்.

வசந்தனும் தள்ளினார். பிள்ளை அம்மாவோடு காருக்குள் ஏறிவிட்டான் என்று நினைத்துக்கொண்டு தள்ளினார்.

சந்திரமதியின் இரண்டு கைகளிலும் பைகள். முன்கதவைத் திறந்து அவற்றை உள்ளே வைக்கக் குனிந்தாள். குனிவதற்கு முன், "ரூபன், காடியத் தொட்டுக்கிட்டு நில்லு. அம்மா சொல்ற வரைக்கும் கைய எடுக்கக் கூடாது" என்றாள். அவன் பின்விளக்கின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றான். அந்த வண்டியின் சக்கரம் திருப்பி விட்டபடி இருந்தது யாருக்கும் தெரியாது. தள்ளியதும் அது நேராகப் போகவில்லை. வளைந்து இவர்கள் காரை நோக்கி இறங்கியது. தரையும் அந்தப் பக்கம் சரிவு. வசந்தன் இழுத்துப் பிடித்துப் பார்த்தார், நிற்கவில்லை.

"நான் நிமிர்ந்து பார்த்து 'ரூபன்'னு கத்தினேன்க்கா. பேரத்தான் சொன்னேன், 'வா'ன்னு சொல்லல. அவன் என்னைப் பார்த்துச் சிரிச்சான். கை இருக்கு பாருங்கன்னு காட்டுற மாதிரி சிரிச்சான்" என்று என்னிடம் சொன்னாள். அதைக் கேட்ட அன்று என்னால் சோறு தின்ன முடியவில்லை.

அவள் அங்கேயே மயங்கி விழுந்தாள். யாரோ ஒரு மலாய்க்காரர் தன் காரில் வசந்தனையும் பிள்ளையையும் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் பறந்தார். ரூபன் வழியிலேயே போய்விட்டான். குறுக்கே நிறுத்தியவன் பிளாஸ்டிக் பையில் கட்டி வாங்கிய தேத்தண்ணியோடு வந்து, "நம்பர் வெச்சிருந்தேனே, போன் பண்ணியிருக்கலாமே" என்றானாம். அவன் வாயில் அன்று மண் விழவில்லையே என்று எனக்கு இன்னும் ஆத்திரம்.

சாவு வீட்டில் வசந்தன் ஒரே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார். "அவன் ஏன் ஓடல? துறுதுறுன்னு இருக்கிற பிள்ளையாச்சே, ஏன் நின்னுக்கிட்டே இருந்தான்?" வந்தவர்களிடமெல்லாம் கேட்டார். எட்டுக்குக் கேட்டார், பதினாறுக்குக் கேட்டார். வருஷம் திரும்பிய பிறகும் யாராவது பேச்செடுத்தால் அதையே கேட்பார். யாருக்கும் பதில் தெரியாது. பதில் தெரிந்தவள் சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருப்பாள்.

"சொல்லிடு புள்ள. மனசுல வெச்சு வெச்சு நீ செத்துருவ" என்பேன்.

"தெரிஞ்சா அவர் என் முகத்தைப் பார்க்க மாட்டாருக்கா. பிள்ளையும் போயிட்டான். அவரும் இல்லன்னா எனக்கு யாரு இருக்கா?"

அவள் பயமெல்லாம் அதுதான். உள்ளூரப் பயந்தாள். அவர் கேட்கக் கேட்க அவள் பேச்சு குறைந்தது. ஒரே வீட்டில் இரண்டு பேர் தட்டுச் சத்தம் மட்டும் கேட்கச் சாப்பிடுவது சுவருக்கு இந்தப் பக்கம் எனக்குத் தெரியும்.

போன மாதம் சுகுமாறன் மகனுக்குப் பிறந்தநாள் என்று மூவாருக்குப் போனார்கள். வாசலில் பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருந்தார்கள். கேக் கொண்டுவந்த வண்டிக்கு இடம் வேண்டும் என்று ஒரு காரை நகர்த்தச் சொன்னார்கள். வசந்தன் சாவியை எடுத்தார். எப்போதும் போல காரைச் சுற்றி வந்து, குனிந்து அடியிலும் பார்த்தார். அந்த விபத்துக்குப் பிறகு அப்படிப் பார்க்காமல் அவர் எந்த வண்டியையும் எடுத்ததில்லை.

அப்போது சுகுமாறன் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார். "மச்சான், நீங்க வேணாம். பிள்ளைங்க நிக்குது."

வசந்தன் சாவியை மேசையில் வைத்துவிட்டு, பின்பக்கம் போய் எச்சில் தட்டுகளைக் கழுவ ஆரம்பித்தார். சந்திரமதி பார்த்துக்கொண்டு நின்றாள்.

திரும்பி வரும்போது ஆயர் ஈத்தாமில், சட்டிப்பானைக் கடைகளுக்கு எதிரே, தண்ணீர் குடிக்கக் காரை நிறுத்தினார் வசந்தன். அவர் இறங்குவதற்குள் சந்திரமதி அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

"நான்தாங்க அவன நிக்கச் சொன்னேன். கைய எடுக்காதேன்னு சொன்னேன். அதான் அவன் ஓடல. உங்ககிட்ட மறைச்சிட்டேன்."

வசந்தன் ஸ்டியரிங்கைப் பார்த்தபடியே சொன்னார். "தெரியும் மதி."

அவளுக்கு விளங்கவில்லை.

"ஆஸ்பத்திரிக்குப் போற வழியில என் மடியில கெடந்து சொன்னான். 'அம்மா சொன்ன மாதிரி நான் கைய எடுக்கலப்பா'ன்னான்."

"தெரிஞ்சுமா ஊரெல்லாம் கேட்டுக்கிட்டு இருந்தீங்க, ஏன் ஓடலன்னு?"

"நானே கேட்டுக்கிட்டு இருந்தா, உனக்கும் தெரியாதுன்னு நெனச்சு வேற யாரும் உன்னைக் கேட்க மாட்டாங்கல்ல."

மறுநாள் காலை என் அடுப்படியில் உட்கார்ந்து இதையெல்லாம் சொன்னாள். பாரம் இறங்கியிருக்கும் என்று நினைத்தேன். முகத்தில் அப்படி ஒன்றும் தெரியவில்லை. தான் அத்தனை நாள் அவருக்குப் பயந்து ஒளிந்திருக்க, அவர் அவளுக்காகத் தன்னந்தனியாகத் தாங்கிக்கொண்டிருந்தாரே என்று அதற்கும் சேர்த்து அழுதாள். அப்புறம் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்.

"ஒண்ணே ஒண்ணு கேட்டேன்க்கா. அவன் அப்படிச் சொன்னப்ப நீங்க என்ன சொன்னீங்கன்னு கேட்டேன்."

"என்ன சொன்னாராம்?"

"'கெட்டிக்காரப் பிள்ளைடா நீ'ன்னு சொன்னாராம். அதைக் கேட்டுட்டுத்தான் கண்ண மூடினானாம்."