பொருக்கு சுரண்டியவன் மனைவி

நார்வேயின் மேற்குக் கடற்கழியோரம், மலைச்சரிவில் இரண்டு மாடும் ஆறு ஆடும் நிற்க மட்டுமே இடமுள்ள பண்ணை கூன்வருடையது. அந்த வசந்தத்தில் பார்லி மாவு பானையின் அடிக்கு வந்துவிட்டது. பைன் பட்டையை இடித்துக் கலந்து ரொட்டி தட்டினாள். கணவன் ஹால்வர் சாக்கை எடுத்துக்கொண்டு பொருக்கு சுரண்டக் கிளம்பினான்.

பாறையிலும் மண்ணிலும் சொறி பிடித்ததுபோல் வெளுத்துப் படரும் பாசிப் பொருக்கு அது. அதிலிருந்து சிவப்புச் சாயம் எடுப்பார்களாம். பெர்கன் வியாபாரி சாக்கை வாங்கிக்கொண்டு மாவு கொடுப்பான். மழை பெய்த மறுநாள்தான் பொருக்கு ஊறி, சுரண்டியால் இழுத்தால் பெயர்ந்து வரும். பாறை வழுக்குவதும் அன்றைக்குத்தான்.

ஹால்வர் இருபது ஆள் ஆழம் சறுக்கி, பாறையில் துருத்தி நின்ற ஒரு விளிம்பில் போய் விழுந்தான்.

"உசுரோட இருக்கியா?" அலறல் கேட்டு ஓடிவந்து, மேலே குப்புறப் படுத்துக் கத்தினாள் கூன்வர்.

"இருக்கேன். சாக்கும் இருக்கு. காலுதான் வேற பக்கம் பாக்குது."

ஊர் ஆண்கள் மீன்பிடிக்கப் போயிருந்தார்கள். நீளக் கயிறுகளும் படகுகளோடு போயிருந்தன. பதினாறு வயது மகள் சிக்ரி, ஆள் கூட்டிவர மலை தாண்டி ஓடினாள். பக்கத்துப் பண்ணைக் கிழவர் ஆமுண்ட் மாட்டுக் கயிறுகளை முடிந்து இறக்கினார். பாதிதான் எட்டியது.

"தூண்டில் கயிறு எட்டும்மா. ஆனா வாளியத்தான் தாங்கும், ஆளத் தாங்காது."

வாளியில் பால், ரொட்டி, கம்பளி இறக்கினாள். இரண்டாம் நாள் மறுபடி மழை பிடித்தது.

"ரொம்ப வலிக்குதா?"

"வலி போயிடுச்சு. குளிருதான் போகமாட்டேங்குது. நீ உள்ள போ, நனையாத."

அவள் போகவில்லை. மூன்றாம் நாள் காலை, வாளி போனபடியே திரும்பி வந்தது.

"ஹால்வர்! ஏதாச்சும் பேசு! திட்டவாச்சும் செய்!"

"விடும்மா," என்றார் ஆமுண்ட்.

"எப்படி விடறது? கண்ணுக்குத் தெரியறாரே!"

அவள் வாளியைத் திரும்ப இறக்கினாள். சாயங்காலம் சிக்ரி நான்கு ஆண்களோடும் கயிறோடும் வந்து சேரும்வரை, இறக்குவதும் ஏற்றுவதுமாகவே இருந்தாள்.

உடலோடு சாக்கும் மேலே வந்தது. அதற்குக் கிடைத்த மாவில்தான் அடக்கத்துக்கு வந்தவர்களுக்கு ரொட்டி சுட்டுப் போட்டாள்.

அடுத்த வசந்தத்தில், ஒரு மழை விட்ட காலையில், சிக்ரி சுரண்டியைத் தேடி எடுத்தாள்.

"வேண்டாம்டி."

"வேற என்னம்மா செய்யறது? நீயே சொல்லு."

கூன்வர் மகளின் இடுப்பில் கயிற்றைக் கட்டி, முடிச்சை மூன்று தடவை இழுத்துப் பார்த்தாள்.