அச்சு கெட்ட சட்டைகள்

ஓசூர் பேருந்து நிலையத்துக்குப் பின்னால், டி-ஷர்ட்டில் போட்டோ அச்சடித்துத் தரும் கடையில் அவர் வேலை செய்தார். சிவந்த கண்கள், சூடு பட்டுத் தழும்பேறிய விரல்கள். கம்ப்யூட்டரில் பிரிண்ட் எடுத்த தாளைத் துணிமேல் வைத்துச் சூட்டு மெஷினில் அழுத்துவார். பிறகு தாளை உரிப்பார். அச்சு கெட்ட சட்டைகளை அவரே போட்டுக்கொள்வார். யாரோ ஒரு குழந்தையின் பிறந்தநாளும் ஏதோ ஒரு கம்பெனியின் பாதுகாப்பு வாரமும் அவர் மார்பில் கிடக்கும்.

கம்பெனியில் எங்கள் ஷிப்டில் வேலை பார்த்து, இறந்துபோன நண்பனின் படத்தை, காரியத்தன்று எல்லோரும் போட்டுக்கொள்ள அச்சடிக்கக் கொடுத்தோம். பாதியில் கரண்ட் போனதால், ஒரு சட்டையில் அவன் வாய் தாளோடு உரிந்து வந்துவிட்டது.

“வேற அடிச்சித் தர்றேன் சார்” என்றார் சலிப்போடு.

காரியம் முடிந்த வாரம் ஊத்தங்கரை பஸ்ஸில் அவர் பக்கத்தில் இடம் கிடைத்தது. அவர் சட்டையின் தையல் வெளியே தெரிந்தது.

“சட்டைய திருப்பிப் போட்டிருக்கீங்கண்ணா.”

“தெரியும் சார். உங்க ஆளு படம். தூக்கிப் போட மனசு வரல. வெளிய தெரியற மாதிரி போடவும் முடியல.”

கண்களை மூடிக்கொண்டார். சூளகிரி வருவதற்குள் அவர் தலை என் தோளில் சாய்ந்துவிட்டது. அவர் மூச்சு ஏறி இறங்கும்போதெல்லாம், துணிக்கு உள்ளே எங்கள் நண்பனின் முகமும் ஏறி இறங்கியது.