தெய்வம்மா தேர்ந்தெடுத்த பெயின்ட் பட்டறை

கோத்தகிரி டாக்ஸி ஸ்டாண்டில் இடம் பிடிப்பதென்றால் லேசுப்பட்ட காரியமா? எழுபதுகளில் சிலோனிலிருந்து கப்பலேறி வந்த பொன்னுத்துரைக்கு அது குதிரைக்கொம்பாகத்தான் இருந்தது. மனுஷனிடம் பழைய கறுப்பு அம்பாசிடர் இருந்தது, லைசென்ஸ் இருந்தது, நிற்க இடந்தான் இல்லை. ஸ்டாண்டுக்கு வெளியே சாக்கடையோரம் நிறுத்திக்கொண்டு, மற்றவர்கள் வேண்டாமென்று தள்ளிய சவாரிக்காகக் காத்துக் கிடப்பார். போதாக்குறைக்குத் தேயிலைக் கொழுந்து ஏற்றிய லாரி ஒன்று வளைவில் உரசி, வண்டியின் ஒரு பக்கத்தையே சுரண்டிவிட்டுப் போயிற்று.

ஸ்டாண்டு செயலாளர் மாரிச்சாமி முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். “ஏனுங்க, இந்தக் கோலத்துல வண்டிய உள்ள உட்டா ஸ்டாண்டு பேரு கெட்டுப்போயிருமுங்க. ஆயுத பூஜைக்குப் பளிச்சுனு கொண்டாந்து வரிசையில நிறுத்துங்க. அன்னைக்கு நிக்கற வண்டிக்குத்தான் வருசம் பூரா எடம்.”

பொன்னுத்துரை வாயில்லாப் பூச்சி. அவருக்கும் சேர்த்து வாய் வைத்திருந்தவள் மனைவி தெய்வம்மா. எஸ்டேட்டில் கொழுந்து பறிப்பவள். அவளிடம் கங்காணியே குரலைத் தாழ்த்தித்தான் பேசுவார். லீவு சொல்லிவிட்டு, “பட்டறைய நான் பாக்குறேன், நீங்க வண்டிய மட்டும் ஓட்டுங்க” என்று முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள்.

முதலில் போனது கடைவீதியின் பெரிய பட்டறை. வாசலில் புதுப்பெயின்ட் அடித்த கார் ஒன்று கண்ணாடிபோல் மின்னியது. பொன்னுத்துரை சொக்கிப்போய் நின்றார். தெய்வம்மாவோ அந்த மினுக்கைத் திரும்பியும் பார்க்கவில்லை. தோட்டத்தில் கொழுந்து நிறுக்கும் கணக்கப்பிள்ளை கூடையின் மேலாகக் கிடப்பதையா பார்ப்பார்? அடியில் கையை விட்டு அள்ளுவார். முற்றின இலை அங்கேதானே பதுங்கிக் கிடக்கும்! இவளும் குந்தி உட்கார்ந்து, கதவின் கீழ் விளிம்பில் விரலைவிட்டுத் தடவினாள். துருவைச் சுரண்டாமல் அதன்மேலேயே பெயின்டைப் பூசியிருந்தார்கள். விரலெல்லாம் செம்மண் நிறம்.

“ஏம்மா, வண்டிய பாக்க வந்தியா, பேன் பாக்க வந்தியா?” என்று முதலாளி சிரித்தார்.

“பேன் புடிச்ச தலைக்குத்தானே நீங்க பூ வெச்சு விட்டிருக்கீங்க!” என்று சொல்லிவிட்டு எழுந்தாள்.

அடுத்த பட்டறைக்காரர் நாளைக்கே தருகிறேன் என்றார். திறந்தவெளியில், மூடுபனிக்குள்ளேயே அடித்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பக்கமெல்லாம் பூஜை அவசரத்தில் எல்லாரும் செய்கிற தப்பு இதுதான். ஈரக்காற்றில் அடித்த பெயின்ட், காயக் காயப் பால் கொட்டியதுபோல் வெளுத்துவிடும். பனியைப் பார்த்ததுமே தெய்வம்மா, “வண்டிய எடுங்க” என்றாள்.

மூன்றாவது, ராசுவின் கொட்டகை. பெயர்ப்பலகைகூடக் கிடையாது. வர்க்கி பிஸ்கட் சுடும் பேக்கரியின் பின்சுவரை ஒட்டி இருந்தது. அடுப்பின் சூட்டில் அந்தச் சுவர் எந்நேரமும் வெதுவெதுப்பாக இருக்கும். உள்ளே ஈரமே இல்லை. அங்கிருந்த ஜீப்பின் அடியைத் தடவினாள். விரல் சுத்தமாக வந்தது.

“பூஜைக்கு மொத நாள்தானுங்க தருவேன். அவசரம்னா வேற எடம் பாத்துக்குங்க” என்றார் ராசு வெடுக்கென்று.

“இவருதான்” என்றாள் தெய்வம்மா.

பொன்னுத்துரை வண்டியை அங்கேயே விட்டுவிட்டு வந்தார். தினமும் போய்ப் பார்ப்பார். ராசு தேய்ப்பார், பட்டி போடுவார், மறுபடியும் தேய்ப்பார். பூஜை நெருங்கியும் வண்டி சாம்பல் பூசிய சாமியார்போலவே நின்றது. “கெடுத்துட்டியே புள்ள! பெரிய பட்டறையிலயே குடுத்திருக்கலாம்” என்று புலம்பினார். அவளுக்கும் உள்ளூரப் பயம்தான். பிடிவாதத்தால் புருஷன் பிழைப்பில் மண்ணைப் போட்டுவிட்டோமோ என்று சோறு இறங்கவில்லை. ஆனாலும் விட்டுக்கொடுப்பாளா? “அரைகுறையாக் காஞ்ச தேயிலைய அடுப்புலேருந்து எறக்க ஏலாதுங்க. பொறுங்க” என்றாள்.

ராசு சொன்ன சொல் தவறவில்லை. முதல் நாள் சாயங்காலம் வண்டியைக் கண்ட பொன்னுத்துரை, “இது நம்ம வண்டிதானா?” என்று நம்பரைப் படித்துப் பார்த்தார்.

ஆயுத பூஜை காலை. தூறலும் பனியும். வரிசையில் நின்ற வண்டிகளைப் பார்க்கவேண்டுமே! அவசரத்தில் அடித்தவையெல்லாம் தேமல் விழுந்த முகம்போல் திட்டுத் திட்டாக வெளுத்துக் கிடந்தன. மாரிச்சாமியின் வண்டியும் அவற்றில் ஒன்று. நடுவே பொன்னுத்துரையின் அம்பாசிடர் வந்து நின்றது. அட, என்ன கறுப்பு! பானெட்டில் குனிந்தால் தலை சீவிக்கொள்ளலாம்.

மாரிச்சாமி வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்தார். குறை சொல்ல ஒன்றும் அகப்படவில்லை. பக்கத்தில் நின்ற தெய்வம்மாவைப் பார்த்து மனுஷன் சிரித்தேவிட்டார். “ஏனுங்கம்மா, எந்தப் பட்டறை வேலைங்க இது? என்ற வண்டியையும் கூட்டிட்டுப் போங்க!” தாமே எலுமிச்சம்பழங்களை எடுத்துச் சக்கரங்களுக்கு அடியில் வைத்தார். “பொன்னுத்துரை அண்ணா, இதுதானுங்க உங்க எடம். ஏத்துங்க வண்டிய!”

பழம் நசுங்கியது. டிரைவர்கள் கைதட்டினார்கள். எதற்கும் அசையாத தெய்வம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு ஓவென்று அழுதாள். பொன்னுத்துரை பதறிப்போய் இறங்கி ஓடிவந்தார்.

“என்ன புள்ள? ஏன் அழுவுற?”

“கப்பல விட்டு எறங்குன நாள்லேருந்து, போற எடமெல்லாம் ‘தள்ளி நில்லு’ன்னுதாங்க சொன்னாங்க. இன்னைக்குத்தான் ஒரு மனுசன் ‘இங்க நில்லு’ன்னு சொல்லியிருக்காரு.”