அந்தோனியார் கடனாளி ஆன விபரம்

கொச்சிக்கடைக் கோயிலில் இருக்கும் புனித அந்தோனியார் கொட்டாஞ்சேனையில் ஒருவருக்குப் பதினாலாயிரத்து எண்ணூற்று எண்பத்தைந்து ரூபா கொடுக்க வேண்டுமாம். அந்த ஆள் அதைக் கம்பியூட்டரில் பதிந்தும் வைத்திருக்கிறாராம். எனக்கு இதைச் சொன்னவர் பஸீர். அந்த ஆள் இருக்கும் குறுகிய ஒழுங்கையின் முகப்பில் பலசரக்குக் கடை வைத்திருப்பவர், ஒரு கிலோ பருப்புக்கு நூறு கிராம் செய்தி இலவசமாகப் போடுபவர்.

கடையில் நின்ற பத்து நிமிடத்தில் வதந்தி இரண்டு அங்குலம் வளர்ந்தது. காலைச் சாப்பாட்டுக்குப் பாண் வாங்க வந்த ஒருவர் அது வட்டியோடு சேர்த்த தொகை என்றார். சவர்க்காரம் வாங்க வந்தவர் ஆயருக்குக் கடிதமே போய்விட்டது என்றார். பஸீர் மட்டும் நிதானம் தவறவில்லை.

"எனக்கென்ன தெரியும்? எங்கட ஆளுமில்ல, எங்கட கோயிலுமில்ல. ஆனா தொகை சரி."

வதந்திகள் எப்போதும் ஆயிரத்திலும் லட்சத்திலும்தான் வரும். எண்பத்தைந்து ரூபாவைக் கையில் பிடித்துக்கொண்டு வந்த வதந்தியை நான் கண்டதில்லை. வெள்ளவத்தைக்குத் திரும்பும் பஸ்ஸை விட்டுவிட்டு, ஒழுங்கைக்குள் நடந்தேன்.

அந்தோனியாருக்கே கடன் கொடுத்தவர் சவுந்தரநாயகம். வயது எழுபத்தொன்று. துறைமுகத்தில் முப்பத்துநான்கு வருடம், கப்பலில் இருந்து இறங்கும் மூட்டைகளை எண்ணி எழுதியவர். நாலாயிரம் மூட்டையில் ஒன்று குறைந்தாலும் கப்பலை நகர விடமாட்டாராம். இது வதந்தி அல்ல, அவரே சொன்னது.

மாடியில் இரண்டு அறை. முன்னறையில் கம்பியூட்டர், அதன்மேல் பின்னல் துணி. மகள் ஷெரோமி துபாய்க்கு வேலைக்குப் போகும்போது விட்டுச் சென்றது அது. போவதற்கு முன் அதில் ஒரு வரவு செலவு புரோகிராமையும் போட்டுக் கொடுத்திருந்தாள். தினமும் செலவைத் தலைப்பு வாரியாகப் பதிய வேண்டும். மாத முடிவில் கையில் இருக்கும் காசை எண்ணிச் சொன்னால், கணக்கில் வராத தொகையை அது சிவப்பில் காட்டும். மகள் மாதாமாதம் காசு அனுப்புகிறாள். அதற்குக் கணக்குக் காட்டுவது தன் கடமை என்றார் சவுந்தரநாயகம். மகள் ஒரு நாளும் கணக்குக் கேட்டதில்லை என்றார் அவருடைய மனைவி டோரின், அடுப்படியில் இருந்து.

கடமையை அவர் எப்படிச் செய்தார் என்பதற்கு ஒரே உதாரணம் போதும். மிச்சக் காசுக்குப் பதில் பஸீர் கொடுத்த டொபியையும் 'சாப்பாடு' என்ற தலைப்பில் இரண்டு ரூபாவாகப் பதிந்திருக்கிறார்.

அப்படிப்பட்ட கணக்கில் ஜனவரி முடிவில் முந்நூற்று எண்பது ரூபா குறைந்தது. சிவப்பில் காட்டியது. அவர் நோட்டுகளை மூன்று தரம் எண்ணினார். அலுமாரித் தட்டுக்குப் போட்ட பத்திரிகைத் தாளைத் தூக்கிப் பார்த்தார். பிறகு, கொழும்பில் எதைத் தொலைத்தவரும் எந்த மதத்தவரும் செய்வதைச் செய்தார். செவ்வாய்க்கிழமை தோறும் கொச்சிக்கடைக் கோயிலுக்குப் போகத் தொடங்கினார். தொலைந்ததை மீட்டுத் தருவதில் அந்தோனியாருக்கு இருக்கும் பெயர் வேறு எவருக்கும் இல்லை.

பெப்ரவரியில் ஆயிரத்து நானூற்று அறுபது குறைந்தது. புனிதர் காரியத்தை மெதுவாகத்தான் பார்க்கிறார் என்று நினைத்து, மார்ச் கடைசிச் செவ்வாயில் இருந்து ஏழைகளுக்கு வாராவாரம் பதின்மூன்று இறாத்தல் பாணும் நேர்ந்துகொண்டார். மார்ச்சில் மூவாயிரத்து நூற்றைம்பது குறைந்தது. ஏப்ரலில் பத்தாயிரத்து இருநூற்று எழுபத்தைந்து.

இந்த இடத்தில் வாசகர் எதையாவது கண்டுபிடித்திருந்தால் அதை மனதோடு வைத்திருக்கவும். சவுந்தரநாயகம் கண்டுபிடிக்கவில்லை. அவர் வேறொன்றைக் கண்டுபிடித்தார். அந்த வீட்டில் நடமாடுபவர்கள் மூன்று பேர்: அவர், டோரின், சீனியம்மா.

சீனியம்மா மஸ்கெலியாப் பக்கத்தில் இருந்து கொழும்புக்கு வந்து இருபது வருடம். திங்கள், புதன், சனி வந்து உடுப்புத் துவைத்து, வீடு கூட்டித் துடைத்துவிட்டுப் போவார். மாதம் பதினையாயிரம். இதே ஒழுங்கையில் இன்னும் மூன்று வீட்டிலும் வேலை. காசு காணவில்லை என்று ஒரு வீடு அவரை நிறுத்தினால், மற்ற மூன்று வீடும் காரணம் கேட்காமலே நிறுத்தும். செய்தி கொண்டுபோகப் பஸீர் இருக்கிறார்.

ஏப்ரல் முப்பது, புதன்கிழமை. சம்பளக் கவரில் ஆயிரத்தைநூறு குறைத்து வைத்தார் சவுந்தரநாயகம். வேண்டாம் என்று டோரின் சொல்லிப் பார்த்திருக்கிறார். கணக்கு என்று வந்துவிட்டால் அவருக்குக் காது கேட்பதில்லை. சீனியம்மா கவரைப் பிரித்து, அங்கேயே நின்று எண்ணினார்.

"ஆயிரத்தைநூறு கொறையுதுங்க ஐயா."

"வீட்டில காசு குறையுது, சீனியம்மா. கணக்குப் பாத்து முடிய மிச்சத்தைத் தாறன்."

சீனியம்மா நோட்டுகளைக் கவருக்குள் திரும்ப வைத்தார். பிறகு, எப்போதிருந்து குறைகிறது என்று மட்டும் கேட்டார். சவுந்தரநாயகம் திரையை அவர் பக்கம் திருப்பினார். சிவப்புத் தொகைகளை மாதவாரியாகக் கோடாக வரைந்தும் காட்டும் புரோகிராம் அது. நாலு சிவப்புக் கோடுகள், மாடிப்படி மாதிரி, ஒன்றைவிட ஒன்று உயரம். சீனியம்மா அவற்றை வாசித்தார் என்பதைவிட, உடுப்பில் கறை பார்ப்பதுபோல் பார்த்தார் என்று சொல்லலாம். பின்னால் போனார். ஊறப்போட எடுத்து வைத்திருந்த சேர்ட் ஒன்றோடு திரும்பி வந்தார்.

"இது நேத்து போட்டதுங்க. கையில மெழுகு பாருங்க. போன கெழமையும் இருந்திச்சு, அதுக்கு மொத கெழமையும் இருந்திச்சு. பொதன்கெழமை வந்தா கத்தியால சொரண்டித்தான் தொவைக்கிறேன்."

"அது கோயில் மெழுகுதிரி."

"சும்மா குடுக்குறாங்களா?"

அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றது.

கோயில் செலவைத் தான் பதிவதில்லை என்று சவுந்தரநாயகம் விளக்கினார். கடவுளுக்குக் கொடுத்ததை எழுதி வைப்பவன் நாளைக்கு ரசீதும் கேட்பான் என்பது அவருடைய கட்சி. சீனியம்மா அதைப் பொறுமையாகக் கேட்டார்.

"எழுதாட்டி சல்லி பொக்கட்டுக்குத் திரும்பி வந்திருமாங்க?"

சவுந்தரநாயகம் பேனையை எடுத்தார். அந்தச் சம்பளக் கவரையே வாங்கி அதன் பின்பக்கத்தில் எழுதத் தொடங்கினார். மெழுகுதிரி இருநூறு, காணிக்கைப் பெட்டி நூறு, பூ அறுபத்தைந்து. ஏப்ரலில் ஐந்து செவ்வாய். பாண் இறாத்தல் நூற்று முப்பதுப்படி, தரத்துக்குப் பதின்மூன்று. கூட்டினார். பத்தாயிரத்து இருநூற்று எழுபத்தைந்து. மார்ச்சைக் கூட்டினார், பெப்ரவரியைக் கூட்டினார். ஒரு சதம் பிசகவில்லை. தொலைந்த காசைத் தேடித் தரும்படி கேட்கப் போன செலவுதான் தொலைந்த காசு. முப்பத்துநான்கு வருடத்தில் அவர் எண்ணாமல் விட்ட ஒரே சரக்கு, அவரே சுமந்துகொண்டு போனது.

அன்று பின்னேரம் ஷெரோமியிடம் போனில் சொன்னார்கள். சிரித்து முடித்துவிட்டு, 'கோயில்' என்று ஒரு தலைப்புப் போடுங்கள் என்றாள். அப்பா மறுத்துவிட்டார், கட்சி கட்சிதான். கடைசியில் டோரின் முதல் தடவையாகக் கம்பியூட்டருக்கு முன்னால் உட்கார்ந்தார். யாருக்குக் கொடுத்தது என்று கேட்ட கட்டத்தில் அந்தோனியாரின் பெயரையும், தொகை கேட்ட கட்டத்தில் மூன்று மாதக் கூட்டுத்தொகையையும் ஒற்றை விரலால் தட்டினார். எதற்காக என்று கேட்ட கட்டத்தை வெறுமையாக விட்டார். புனிதர்களோடு பழக்கமில்லாத புரோகிராம், காரணமில்லாமல் கொடுத்த காசு திரும்பி வர வேண்டியது என்று எடுத்துக்கொண்டு, அவரைக் கடனாளிகள் பட்டியலில் சேர்த்தது. இதை டோரின் ஒரு தேங்காய் வாங்கும்போது பஸீரிடம் சொல்லியிருக்கிறார்.

ஆக, வதந்தியைச் சரிபார்த்த விதத்தில்: தொகை சரி. வட்டி இல்லை. ஆயருக்குக் கடிதம் எதுவும் போகவில்லை. அந்தோனியார் இப்போது கடனாளியும் இல்லை. தொலைந்தது கிடைத்துவிட்டதால் அவர் தன் வேலையைச் செய்துவிட்டார் என்று சவுந்தரநாயகம் அந்தக் கணக்கைத் தீர்த்துவிட்டார். செவ்வாய்க்கிழமைகளில் இப்போதும் போகிறார். பாணும் கொடுக்கிறார். எழுதுவது டோரின்.

ஜனவரி முந்நூற்று எண்பது? அப்போது அவர் கொச்சிக்கடைக்குப் போகவே தொடங்கவில்லையே என்று கேட்டேன். அவர் அடுப்படிப் பக்கம் ஒரு தரம் பார்த்துவிட்டு, அது ஒரு சின்னத் தொகை என்றார். டொபியைப் பதிந்த மனிதர்.

படி இறங்கும்போது சீனியம்மா வாளியோடு எதிரே வந்தார். ஜனவரியில் ஒரு சேர்ட் பொக்கட்டில் எண்ணெய்க் கறை இருந்ததாம். எண்ணெயில் பொரித்த ரோல்ஸ் சுற்றிய கடதாசியும் இருந்ததாம். இரத்தத்தில் சீனி கூடியதால் சவுந்தரநாயகம் எண்ணெய்ச் சாமான் தொடக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்த மாதம் அது.

"அன்னைக்கு அதையும் சொல்லியிருக்கலாம். அம்மா கேட்டுக்கிட்டு இருந்தாங்க, விட்டுட்டேன்."

டோரின் அன்ரி ஆங்கிலப் பேப்பர் மட்டும்தான் வாசிப்பவர் என்பதை விசாரித்து அறிந்த பிறகே இதை எழுதுகிறேன்.

சீனியம்மாவுக்கு நாலு வீட்டு வேலையும் இருக்கிறது. ஆனால் அந்த ஆயிரத்தைநூறு இன்னும் அவர் கைக்குப் போகவில்லை. சவுந்தரநாயகம் கொடுக்காமல் இல்லை. அன்றே நீட்டினார். மேயில் கவருக்குள் சேர்த்து வைத்தார். சீனியம்மா தன் பதினையாயிரத்தை எண்ணி எடுத்துக்கொண்டு மிச்சத்தைக் கம்பியூட்டர்த் துணிமேல் வைத்துவிட்டுப் போனார். ஜூனில் டோரின் கொடுத்துப் பார்த்தார். அதுவும் துணிமேல்தான் கிடந்தது. ஏன் வாங்கவில்லை என்று நானும் கேட்டுப் பார்த்தேன்.

"வாங்கிட்டா கணக்கு முடிஞ்சிருமேங்க," என்றார் சீனியம்மா, வாளியை அடுத்த கைக்கு மாற்றிக்கொண்டு.

வீட்டார் காசு கொடுக்க வேண்டியவர்களின் பட்டியலில் இப்போது இருப்பது அவர் பெயர் ஒன்றுதான். புரோகிராம் திறக்கும் ஒவ்வொரு தடவையும் ஒரு சின்னப் பெட்டி குதித்து வருகிறது: சீனியம்மா, ஆயிரத்தைநூறு, பிந்திவிட்டது, இப்போது கொடுக்கிறீர்களா, பிறகு ஞாபகப்படுத்தவா? புதன்கிழமைகளில் அந்த மேசையைத் துடைக்கும்போது, தன் பெயர் இன்னும் இருக்கிறதா என்று சீனியம்மா கேட்பாராம். இருக்கிறது என்பாராம் சவுந்தரநாயகம். 'பிறகு' என்ற பொத்தானை அழுத்திவிட்டு, அன்றைய செலவைப் பதியத் தொடங்குவாராம்.