மறைவுத் தேதி போடாத அஞ்சலி

போஸ்டர் அடிக்கிற தொழிலில் ஒரு வசதி உண்டு: ஊரில் யார் பிறந்தார், யார் போனார் என்பது நமக்குத்தான் முதலில் தெரியும். நெல்லித்தோப்பில் கடை வைத்துப் பதினைந்து வருஷம் ஆகிறது. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து கண்ணைக் கெடுத்துக்கொண்ட சக டிசைனர்களே, உங்கள் கடைக்கும் இப்படி ஆட்கள் வந்திருப்பார்கள்.

இறந்தவர் யார்?

பக்கத்து மேட்டுப்பாளையத்தில் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை பார்க்கும் நித்யா, கூட வேலை பார்க்கும் இரண்டு பையன்களோடு யூனிஃபார்மிலேயே வந்தாள். மூன்று பேர் கண்ணும் சிவந்திருந்தது. கண்ணீர் அஞ்சலி போஸ்டர் வேண்டுமாம். போட்டோ கேட்டேன், போனை நீட்டினாள். நீல முடி, கையில் வாள். ஜப்பான் கார்ட்டூன் வீரன்! அனிமே என்று சொல்ல வேண்டுமாம், கார்ட்டூன் என்றால் கோபம் வருகிறது. நண்பர்களைக் காப்பாற்றப் போய்ச் செத்துவிட்டானாம்.

சிரிப்பை அடக்கிக்கொண்டு மாலை, குத்துவிளக்கு எல்லாம் வைத்தேன். தோற்றம், மறைவு என்று தேதி போடும் இடம் வந்ததும் நித்யா அவசரமாகத் தடுத்தாள்.

"மறைவு தேதி மட்டும் போடாதீங்கண்ணா. அந்தக் கதையில சில பேரு எழுந்து வந்திருக்காங்க."

எழுந்துவிட்டான்

மூன்று வாரம் கழித்து அதே மூவர். வீரன் உயிரோடு வந்துவிட்டான். பையன்களுக்கு வரவேற்பு பேனர் வேண்டும். நித்யா மட்டும் உர்ரென்று நின்றாள். சந்தோஷமான விஷயம்தானேம்மா என்று வாயைக் கொடுத்தேன்.

"ரெண்டு நாள் சாப்பிடாம அழுதேண்ணா. இப்படித் திரும்பி வரலாம்னா, செத்ததுக்கு என்ன மரியாதை?"

பிள்ளைச்சாவடி அப்பா

அதே வாரம் பிள்ளைச்சாவடியிலிருந்து ஒரு மீனவர் வந்தார். பன்னிரண்டு வயது மகள் காய்ச்சலில் போய்விட்டாள், பதினாறாம் நாளுக்கு போஸ்டர். பள்ளிக்கூட யூனிஃபார்மில் சிரிக்கிற படம். முடித்துக் காட்டினேன். அவர் தன் போனில் ஒரு படத்தைத் தேடி எடுத்து, மகள் பக்கத்தில் இதையும் வைக்கச் சொன்னார். அதே நீல முடிக்காரன்.

அஞ்சலியில் பொம்மைப்படம் வேண்டாமே என்றேன். அவர் கோபப்படவில்லை. கடலிலிருந்து வந்ததும் மகளோடு உட்கார்ந்து அதைப் பார்ப்பாராம். இவன் செத்தபோது அவள் இருந்தாள். இவன் எழுந்து வந்ததை அவர் தனியாகப் பார்த்திருக்கிறார். ஒரு பொம்மைக்கு உயிர் வருவது இவ்வளவு பெரிய சேதியாக இருக்க முடியும் என்று நான் நினைத்ததே இல்லை. அவர் தொடர்ந்தார்.

"எழுந்து வருவான் பாருப்பான்னு அதுதான் தம்பி சொல்லிக்கினே இருந்துச்சு. வந்துட்டான்னு அதுக்குத் தெரியணுமில்ல?"

ஒரே போஸ்டரில் துக்கத்தையும் நல்ல சேதியையும் சேர்த்து அடிக்க என்னிடம் மாடல் எதுவும் இல்லாததால், தொழிலுக்கு நேற்று வந்த கற்றுக்குட்டி மாதிரி வெள்ளைப் பக்கத்திலிருந்து ஆரம்பித்தேன்.