தறி ஜன்னலில் அவரைக்கொடி

தோட்டம் போட்டால் மனசுக்கு அமைதி கிடைக்கும் என்று பத்திரிகைகளில் எழுதுகிறார்கள். எழுதுகிறவர்கள் வீட்டில் தறி இருக்காது என்பது என் எண்ணம். நான் போட்டது ஒரே ஓர் அவரைக்கொடி. அதில் எனக்குக் கிடைத்ததற்குப் பெயர் அமைதி என்றால், அந்த வார்த்தைக்கு எனக்கு அர்த்தமே தெரியாது என்றுதான் சொல்ல வேண்டும்.

அறுபதுகளின் கடைசி அது. காஞ்சிபுரத்தில் நெசவாளர் தெரு ஒன்றில் எங்கள் வீடு. இரண்டு பேர் கை கோத்து நின்றால் அகலம் தீர்ந்துவிடும், நீளம் மட்டும் போய்க்கொண்டே இருக்கும். வாசல் பேருக்குத்தான் எங்களுடையது. விடிவதற்குள் யாராவது தெரு நெடுகத் தறிக்கான பாவு நூலை நீட்டிக் கட்டியிருப்பார்கள். நான் கோலம் போடுவது அவர்கள் விட்ட இடத்தில். கூடத்தில் தறி. சமையலறையில் பாதி இடம் நூல் மூட்டைக்கு. பின்பக்கம் போனால் கிணறு, துவைக்கும் கல், சாயம் போட்ட பட்டு நூல் முறுக்குகள் காயும் கழி. அந்த வீட்டில் பட்டுக்கு இருந்த இடம் எனக்கு இருக்கவில்லை. இதைச் சொன்னால் என் வீட்டுக்காரர் சிரிப்பார். பட்டுதானே சோறு போடுகிறது என்பார்.

தறி இருந்த கூடத்துக்குக் கொல்லைப் பக்கம் ஒரு ஜன்னல் உண்டு. ஜன்னலுக்கு வெளியே, சுவர் ஓரமாக ஒரு முழ அகலம் மண். சாயத் தண்ணீர் சொட்டாத இடம் அது ஒன்றுதான். அதைக் கேட்டு வாங்க எனக்கு இரண்டு வருஷம் ஆயிற்று. செடி வைத்தால் எறும்பு வரும் என்பது அவர் கட்சி. பாவுக்கு அரிசிக் கஞ்சி போடுகிற வீட்டில் எறும்பு ஏற்கனவே வருகிறது, இனிமேல் குடும்பத்தோடு குடியேறிவிடும் என்றார். எறும்பை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அடம்பிடித்து ஒரு வழியாகச் சம்மதிக்க வைத்தேன். முசரவாக்கத்திலிருந்து அண்ணி முடிந்து கொடுத்த விதையில் நாலு எடுத்து ஆடி மாதம் ஊன்றினேன். இரண்டு முளைத்தன. ஒன்றைப் பக்கத்து வீட்டுக் கோழி கொத்திக்கொண்டு போயிற்று. மிச்சம் இருந்ததுதான் என் தோட்டம்.

அந்த ஒற்றைக் கொடி எனக்குக் கொடுத்த சந்தோஷத்தைச் சொன்னால் இப்போது என் பிள்ளைகளே சிரிக்கிறார்கள். காலையில் எழுந்ததும் அடுப்பைப் பற்றவைப்பதற்கு முன்னால் போய் அதைப் பார்ப்பேன். ராத்திரியில் அது எவ்வளவு தூரம் ஏறியிருக்கிறது என்று விரலால் அளப்பேன். அரிசி களைந்த தண்ணீர் அதற்குத்தான். அசுவினிப் பூச்சி அப்பினால் அடுப்புச் சாம்பலைத் தூவி, இலைக்கு இலை விரலால் துடைத்துவிடுவேன். கொடியைக் கழியோடு கட்ட வீட்டில் சணல் இல்லை. தறியில் கழிக்கிற பட்டு நூல் துண்டுகள்தான் இருந்தன. மாம்பழ நிறத்தில் ஒரு முடிச்சு, கிளிப்பச்சையில் ஒரு முடிச்சு என்று கட்டினேன். பட்டில் முடிச்சுப் போட்டுக்கொண்ட அவரைக்கொடி இந்த ஊரில்தான் இருக்கும். எனக்கே ஒரு பட்டுப்புடவைதான் அப்போது.

ஆனால் உண்மையான சந்தோஷம் தறியில் உட்காரும்போது கிடைத்தது. எங்கள் ஊர்ப் புடவையில் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். இரண்டையும் சேர்த்து நெய்ய ஓர் ஆள் போதாது. நெய்கிறவர் உடலுக்கு ஊடு நூல் ஓட்டும் நாடாவை எறிந்தால், பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் கரைக்கு நாடாவை எறிய வேண்டும். கரைப்பக்கம் உட்கார்ந்தவள் நான். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனபின் உட்கார்ந்தால் அவர்கள் திரும்பி வரும்வரை அவருடைய வலது தோளும் என் இடது தோளும் இடித்துக்கொண்டே இருக்கும். ஐப்பசிக்குள் கொடி ஜன்னலைப் பிடித்துவிட்டது. வெயில் ஏறும்போது இலைகளின் நிழல் பாவின் மேல் வந்து விழும், காற்றடித்தால் அசையும். நாடாவை எறிந்துகொண்டே அதைப் பார்ப்பேன். நாள் முழுக்கத் தறிப் பள்ளத்தில் காலை விட்டு உட்கார்ந்திருந்தாலும், தோட்டத்தில் உட்கார்ந்திருக்கிறாற்போல் இருக்கும்.

அவருக்கு அதுதான் கண்ணை உறுத்தியது. நிழல் ஆடுகிறது, இழை தெரியவில்லை என்று ஆரம்பித்தார். அந்தச் சமயத்தில் தறியில் இருந்தது நாவல்பழ நிறத்தில் உடலும் அரக்கில் கரையும் உள்ள புடவை. இரண்டும் இருட்டு நிறம். கார்த்திகை மழை வேறு. அதனால் நான் நியாயத்தை ஒத்துக்கொண்டேன். தினமும் காலையில் ஜன்னலை மறைத்த கொடிகளை ஒதுக்கி, பக்கவாட்டில் இழுத்துக் கட்டினேன். மறுநாள் இன்னும் இருட்டு என்றார். இன்னும் ஒதுக்கினேன். மழை விட்டது, மார்கழி பிறந்தது, வானம் தெளிந்தது. அப்போதும் இருட்டு என்றார். ஜன்னலில் நாலு இலைதான் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. இந்த நாலு இலையா உங்களுக்கு இருட்டு என்று கேட்டதற்கு, தறியில் உட்கார்ந்து பார்த்தால் தெரியும் என்றார். நான் எங்கே உட்கார்ந்திருந்தேனாம்?

பாவு கொடுக்கிற முதலாளி வீட்டிலிருந்து ஆள் வந்து, தை முகூர்த்தத்துக்குப் புடவை வந்தாக வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனபின் அவருக்குச் சோறு இறங்கவில்லை. தட்டில் கையை வைத்துக்கொண்டு ஜன்னலையே முறைத்துக்கொண்டிருந்தார். கொடியில் அப்போதுதான் பூ வந்திருந்தது. இளம் ஊதா நிறத்தில், காம்பு காம்பாக. இன்னும் பத்துப் பதினைந்து நாளில் காய் பிடித்துவிடும், பொங்கல் குழம்புக்கு நம் வீட்டுக் காய் என்று நான் தெருவில் நாலு பேரிடம் சொல்லியும் வைத்திருந்தேன்.

அந்த வாரம் செவிலிமேட்டில் என் தங்கை புது வீடு கட்டிக் குடிபோனாள். காலையில் டவுன் பஸ் ஏறிப் போய், சாப்பிட்டுவிட்டு மதியமே திரும்பிவிட்டேன். வீட்டுக்குள் காலை வைத்ததுமே ஏதோ சரியில்லை என்று தெரிந்தது. கூடம் வெளிச்சமாக இருந்தது. கண் கூசுகிற வெளிச்சம். ஜன்னலில் ஒன்றுமே இல்லை.

கொல்லைக்கு ஓடினேன். கொடியை இடுப்பு உயரத்தில் அரிவாளால் வெட்டி, இழுத்துப் போட்டு, கிணற்றடியில் குவித்து வைத்திருந்தார். பூவெல்லாம் அதற்குள் துவண்டுபோயிருந்தது. கழிகளை மட்டும் உருவிச் சுவரில் ஒழுங்காகச் சாத்தியிருந்தார். பட்டு முடிச்சுகளைக்கூட அவிழ்க்கவில்லை. பின்னாலேயே வந்து நின்று, பெரிய காரியம் செய்தவர் போல, "இப்ப பாரு, எம்மாம் வெளிச்சமா இருக்குது" என்றார்.

எனக்கு வந்த கோபத்தை எழுத்தில் வைக்க முடியாது. தெருவுக்கே கேட்கும்படி கத்தியிருப்பேன். எதிர்வீட்டுக்காரி எங்கள் வீட்டுச் சண்டைக்காகவே காதைத் தீட்டிவைத்துக்கொண்டிருப்பவள் என்பதால் பல்லைக் கடித்துக்கொண்டேன். பேச்சை நிறுத்திவிட்டேன். ஒரு வார்த்தை இல்லை. சோற்றைப் போட்டுத் தட்டை நகர்த்திவிட்டுப் போவேன்.

மற்ற வீட்டில் புருஷன் பெண்டாட்டி கோபித்துக்கொண்டால் ஒருவர் வாசலுக்குப் போவார், ஒருவர் அடுப்படியில் இருப்பார். எங்களுக்கு அந்தக் கொடுப்பினையும் இல்லை. காலையில் தோளோடு தோள் இடித்துக்கொண்டு உட்கார்ந்தாக வேண்டும். அவர் மிதித்து, எறிந்து, நிறுத்தினால், அதே நொடியில் நான் எறிய வேண்டும். ஓர் எறி தப்பினால் கரை இளித்துவிடும். அவரைப் பார்க்கக்கூடாது என்று வைராக்கியமாக இருந்துகொண்டு, அவர் கை போகிற இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். நிறம் மாற்ற வேண்டிய இடம் வந்தால் வாயால் சொல்வார். இப்போது தறிப் பலகையை விரலால் தட்டினார். நானும் பதிலுக்கு ஒரு தட்டு தட்டினேன். மூன்று நாள் இப்படிப் போயிற்று. இவ்வளவு ஆத்திரத்தோடு நெய்த புடவையை எந்தப் பெண் கட்டிக்கொண்டு மணையில் உட்கார்ந்தாளோ, பாவம்.

அந்த மூன்று நாளும் மனசுக்குள் வார்த்தை சேர்த்துக்கொண்டே இருந்தேன். கல்யாணமான நாளிலிருந்து எனக்கென்று கேட்டது என்ன, ஒரு முழ மண்தானே என்று ஆரம்பிப்பதாக இருந்தேன். எங்கே நிறுத்துவது, எங்கே அழுவது என்றுகூட யோசித்து வைத்தாயிற்று. சமயம் வர வேண்டியதுதான் பாக்கி.

மூன்றாம் நாள் உச்சிப்பொழுதில் பாவில் ஓர் இழை அறுந்தது. அவர் தறியை நிறுத்தினார். ஜன்னல் வழியாக வெயில் நேராகப் பாவின் மேல் விழுந்துகொண்டிருந்தது. அறுந்த நுனி எனக்கு உட்கார்ந்த இடத்திலிருந்தே தெரிந்தது. அவர் கைக்கு நாலு விரற்கடை தள்ளி, பளபளவென்று கிடந்தது.

அவர் குனிந்தார். மூக்கு பாவில் இடிக்கும் அளவுக்குக் குனிந்து தேடினார். பிறகு பின்னால் சாய்ந்தார். இன்னும் சாய்ந்தார், தலை சுவரில் முட்டுகிற வரைக்கும். கண்ணைச் சுருக்கிக்கொண்டு, கையை நீட்டி, இழைகளின் மேல் விரலால் தடவினார். விரல் அறுந்த நுனியின் மேலேயே போய், அதைத் தாண்டிப் போயிற்று. திரும்பவும் வந்தது, திரும்பவும் தாண்டிற்று.

முதலில், வேண்டுமென்றே செய்கிறார் என்றுதான் நினைத்தேன். நான் வாயைத் திறந்து பேச வேண்டும் என்பதற்காக நடிக்கிறார் என்று. அப்புறம்தான் முகத்தைப் பார்த்தேன். மார்கழிக் குளிரில் மேலுதட்டில் வேர்த்திருந்தது. நாற்பது தாண்டிய மனுஷர். பக்கத்தில் இருப்பது தெரியாத கண்ணோடு இருக்கிறவனுக்கு இந்த ஊரில் யார் பாவு கொடுப்பார்கள்? அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவர் இத்தனை நாள் சண்டை போட்டது என் கொடியோடு இல்லை. கொடியை வெட்டிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பியிருக்கிறார். வெட்டியும் ஆயிற்று.

அவர் என் பக்கம் திரும்பாமலே சொன்னார்.

"இன்னும் இருட்டாத்தான் இருக்குதுமே."

மூன்று நாளாகச் சேர்த்துவைத்த அத்தனை வார்த்தையும் வாய்வரை வந்தது. சொல்வதற்கு இதைவிட நல்ல சமயம் கிடைக்காது. ஒற்றைக் கேள்வி கேட்டால் போதும், மனுஷர் உடைந்துபோயிருப்பார். எனக்கு அழுகையாக வந்தது. கொடியும் போயிற்று, கோபப்படவும் வழியில்லை என்றால் நான் எங்கே போய் முட்டிக்கொள்வது? அந்த ஆத்திரம் இன்றைக்கும் எனக்கு முழுதாக ஆறவில்லை.

கையை நீட்டி அறுந்த நுனியை எடுத்தேன். முடிச்சுப் போட்டு, மிச்சத்தைக் கடித்துத் துப்பினேன்.

"ஆமா, மோடம் போட்டுக்கினு இருக்குது" என்றேன்.

வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. அவர் தலையைத் தூக்கிப் பார்க்கவும் இல்லை. மிதியை அழுத்தினார். நான் நாடாவை எறிந்தேன்.